மெய்க்கீர்த்தி பாடாத செப்பேடு

கார்த்திகை மாதத்தில் சின்னமனூர்க் கடைத்தெருவிலே நின்று மலைப்பக்கம் அண்ணாந்து பாருங்கள். மலை தெரியாது, மேகந்தான் தெரியும். மேகமலை என்று பெயர் வைத்தவன் பொருத்தமறிந்தே வைத்திருக்கிறான். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் தோழனைக் கேட்டால், "மலை எங்கே போய்விடும்? மேகத்துக்குள்ளேதான் இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். தரையிலே நிற்பவனுக்கு அது சிரிப்பு. வானத்திலே பறந்து வருகிறவனுக்கோ அது சாவு!

1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள். வங்கத்துப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இந்தியன் ஏர்லைன்சுக்குச் சொந்தமான ஆவ்ரோ விமானம் ஒன்று மதுரையை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. பகல் வேளைதான், ஆனால் பார்வைக்கு எதுவும் தெளிவாகத் தெரியாத வேளை. மதுரைக்கு இன்னும் ஏறத்தாழ 50 மைல் இருக்கையில், சின்னமனூரையடுத்த மலைப்பகுதியிலே மோதிற்று. உள்ளே இருந்தோர் 31 பேர். பணியாளர் நால்வரும் பயணிகள் பதினெழுவருமாக 21 பேர் மாண்டனர். பத்துப் பேர் பிழைத்தனர்.

அந்த நாளுக்கு ஐம்பதாண்டு நிறைய ஒரே ஒரு நாள் குறைவு. 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூரையடுத்த நஞ்சப்பசத்திரத்தருகே விழுந்து எரிந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டு 14 பேர் அதிலே இருந்தனர். பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரம் உயிரோடு போராடி மறைந்தார்.

அதே மேற்கு மலைத்தொடர். அதே டிசம்பர். அதே மேகம். எளியவரானால் என்ன, ஏவல் கேட்கப் படையே நின்ற தளபதியானால் என்ன, மலை யாருக்கும் ஒதுங்கி வழிவிடுவதில்லை!

குன்னூரில் தீயணைந்த மறுநாளே, சிதைவுகளுக்கு நடுவே அதிகாரிகள் தேடி எடுத்தது ஒரு பெட்டியை. பொன் இருந்த பெட்டியல்ல. பொருள் இருந்த பெட்டியல்ல. இறந்தவர்களின் கடைசி நிமிடங்களைக் காத்து வைத்திருந்த பெட்டி. கறுப்புப் பெட்டி என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அதன் நிறம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. கரியிலும் சேற்றிலும் கடலடியிலும் கண்ணுக்குப் படவேண்டுமென்றே அப்படி வண்ணம் பூசுகிறார்கள். பெயரிலே கறுப்பு, நிறத்திலே செம்மஞ்சள், செய்கையிலே வெளிச்சம்!

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று தோழர்களிடம் பேச விரும்புகிறோம். "ஆகாய விமானத்தைப் பற்றி அன்றாடங்காய்ச்சிக்கென்ன பேச்சு?" என்று கேட்பார் உண்டு. இருக்கிறது தோழர்களே, நமக்கும் அதற்கும் நிறையத் தொடர்பு இருக்கிறது. பொறுத்துக் கேளுங்கள்.

எந்த விபத்து நடந்தாலும் நம் நாட்டிலே இரண்டு குரல்கள் முதலில் கிளம்பும். ஒன்று, "எல்லாம் விதி" என்னும் குரல். மற்றொன்று, "ஓட்டியவன் கவனக்குறைவு" என்னும் குரல். முதற்குரல் பழியை வானத்தின்மேல் போடுகிறது. இரண்டாவது குரல் பழியைப் பிணத்தின்மேல் போடுகிறது. வானமும் வாய் திறக்காது, பிணமும் வாய் திறக்காது. ஆகவே விசாரணை அத்தோடு முடிந்தது, கோப்பு மூடப்பட்டது! விதியென்பவன் பக்தனாக இருக்கலாம், கவனக்குறைவென்பவன் கணக்கப்பிள்ளையாக இருக்கலாம். இருவரும் செய்கிற வேலை ஒன்றே. "ஏன்?" என்ற கேள்வியின் கழுத்தைத் திருகுகிற வேலை.

அந்தக் கேள்விக்குக் கழுத்து நிமிரக் கற்றுக்கொடுத்தவன் ஆஸ்திரேலிய நாட்டு விஞ்ஞானி ஒருவன். பெயர் டேவிட் வாரன். ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1934இல், கடல்மேல் பறந்த விமானம் காணாமற்போய் அவன் தந்தை மாண்டார். தந்தை கடைசியாக வாங்கிக் கொடுத்தது ஒரு சிறு வானொலிக் கருவி. அதைப் பிரித்துப் பார்த்தும் பூட்டிப் பார்த்தும் ஒலியின் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டது அந்தப் பிள்ளை. தந்தை ஏன் மாண்டார் என்பது கடலோடு போயிற்று. ஆனால் தந்தை தந்த கருவி மகனோடு இருந்தது.

வளர்ந்தான். 1953, 1954 ஆண்டுகளில் காமெட் என்ற புதுவகை ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வானிலேயே உடைந்தன. 1953 மே 2இல் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் சிறிது நேரத்திலேயே சிதறி 43 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு மத்தியதரைக் கடலில் இரண்டு. அறிஞர்கள் கூடினார்கள், ஆராய்ந்தார்கள், காரணம் பிடிபடவில்லை. அந்த ஆராய்ச்சியிலே பங்கு கொண்ட வாரனுக்கு ஓர் எண்ணம் உதித்தது: விமானி கடைசியில் என்ன பேசினான், கருவிகள் என்ன காட்டின என்பது மட்டும் பதிவாகியிருந்தால்? உலோகக் களைப்பினால் விமானத்தின் மேலோடு பிளந்தது என்பதைக் கண்டுபிடிக்க, ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டியிலே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கம்பிச்சுருள் அந்த உழைப்பைக் குறைத்திருக்கலாமே!

அப்படியே ஒரு கருவி செய்தான். மெல்லிய எஃகுக் கம்பியிலே காந்தத்தினால் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவிகளின் அளவையும் பதியவைத்தான். பாராட்டினார்களா? இல்லை! "தேவையில்லை" என்றார்கள் அதிகாரிகள். "எங்கள் தோளுக்குப் பின்னே உளவாளியா?" என்று சீறினார்கள் விமானிகள். 1958இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கருவியைக் கண்டு வியந்து தம் நாட்டுக்கு அழைத்த பிறகுதான் அதற்கு மதிப்புப் பிறந்தது. 1960இல் குவீன்சுலாந்தின் மக்கே நகரருகே கடலில் ஒரு விமானம் விழுந்து 29 பேர் மாண்டும் காரணம் துலங்காமற்போக, விசாரித்த நீதிபதி இந்தக் கருவி வேண்டுமென்றார். சொந்த ஊரிலே செல்லாக்காசாகக் கிடந்தது உலகமெல்லாம் சட்டமாயிற்று.

பெட்டிக்குள்ளே என்னதான் நடக்கிறது? நம் தோழர்களிலே மில்லில் வேலை செய்பவர் உண்டு, லாரி ஓட்டுபவர் உண்டு, மோட்டார் கட்டுபவர் உண்டு. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பதிவு இரண்டு வகை. ஒன்று பேச்சுக் கணக்கு. விமானியறையிலே நான்கு ஒலிவாங்கிகள். விமானிகளின் பேச்சு, தரையிலிருந்து வந்த கட்டளை, எச்சரிக்கை மணி, என்ஜினின் உறுமல், விசையைத் தட்டிய 'டக்' என்ற ஓசை, எல்லாம் அதிலே விழும். 30 நிமிடப் பதிவாக இருந்தது 2 மணி நேரமாக வளர்ந்து, புதிய விமானங்களில் 25 மணி நேரம் என்று விதிகள் வந்திருக்கின்றன. மற்றொன்று பறப்புக் கணக்கு. எவ்வளவு உயரம், என்ன வேகம், எந்தத் திசை, இறக்கையின் பின்மடல் எவ்வளவு இறங்கியது, எரிபொருள் எவ்வளவு பாய்ந்தது என்று, விமானத்தின் உடலெங்கும் பதித்த உணரிகள் நொடிக்கு நொடி எண்ணாக்கி அனுப்பும். பழைய கருவிகள் உயரம், வேகம், திசை, குலுக்கம், நேரம் என்று ஐந்தே அளவுகளை உலோகத் தகட்டிலே ஊசியால் கீறின. பிறகு காந்த நாடா வந்தது. இப்போது அசையும் உறுப்பே இல்லாத நினைவுச் சில்லுகள், நூற்றுக்கணக்கான அளவுகளை 25 மணி நேரத்துக்கு வைத்திருக்கின்றன.

பெட்டியை வழக்கமாக வால்பகுதியிலே பூட்டுவார்கள். முட்டுவது மூக்கு, ஆகவே வாலுக்கு அடி குறைவு என்ற கணக்கு. சில்லைச் சுற்றி வெப்பம் புகாத உறை, அதன்மேல் கெட்டியான உலோகக் கவசம். சோதனைகளைக் கேளுங்கள்! புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு விசையோடு மோதவிடுவார்கள். ஒரு கிலோ எடை அந்த நொடியிலே 3,400 கிலோவாக அழுத்தும் என்று பொருள். கூர்முனை வைத்த 227 கிலோ எடையைப் பத்தடி உயரத்திலிருந்து அதன்மேல் போடுவார்கள். 1,100 டிகிரி நெருப்பிலே ஒரு மணி நேரம் வாட்டுவார்கள். 20,000 அடி ஆழத்துக் கடலின் அழுத்தத்திலே ஊறவைப்பார்கள். இத்தனையும் தாங்கினால்தான் தேர்ச்சி! தண்ணீரில் விழுந்தால் நொடிக்கு ஒருமுறை ஒலித்து, "இங்கே இருக்கிறேன்" என்று கூப்பிடும் ஒரு சிறு குரல் வேறு அதிலே உண்டு. முன்பு 30 நாள் கூப்பிட்டது. இப்போது 90 நாள் கூப்பிடுகிறது.

சின்னமனூர்க்காரனுக்கு இது புதிய வித்தையா? ஆயிரம் ஆண்டுக்கு முன்னே உலோகத் தகட்டில் எழுத்தைக் கீறி வைத்தவர்கள் வாழ்ந்த மண்ணல்லவா இது! சின்னமனூர்ச் செப்பேடுகள் இல்லையேல் பாண்டியர் வரலாற்றிலே பல பக்கம் வெறும் பக்கம். ஓலை எரியும், துணி மட்கும், செம்பு பேசும் என்று அன்றே அறிந்திருந்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செப்பேடு மன்னன் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. வென்ற களம் அதிலே வரும்; தோற்ற களம் வராது. விமானத்துச் செப்பேடோ மெய்க்கீர்த்தி பாடுவதில்லை. முதலாளிக்கு அஞ்சி ஒரு வரி குறைப்பதில்லை. அமைச்சருக்காக ஒரு வரி கூட்டுவதில்லை.

அது பேசியவற்றைப் பாருங்கள்.

1985 ஜூன் 23. ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக் கடலோரத்தை நெருங்குகையில் மறைந்தது. 329 உயிர்கள்! ஏறத்தாழ 6,700 அடி ஆழத்திலிருந்து ஜூலை மாதம் பெட்டிகளை இயந்திரக் கையினால் எடுத்தார்கள். இரண்டு பதிவும் ஒரே கணத்தில், கத்தியால் வெட்டினாற்போல் நின்றிருந்தன. தடுமாற்றம் இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்த மௌனமே ஒரு சாட்சி! சிதைவுகளோடு சேர்த்து அதை ஆராய்ந்த நீதிபதி கிர்பால் குழு, வெடிகுண்டு என்ற முடிவுக்கு வந்தது.

1996 நவம்பர் 12. அரியானாவின் சர்க்கி தாத்ரியில் வானத்திலேயே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடியிலே நிற்கவேண்டிய கசக்கஸ்தான் விமானம் கீழே இறங்கிவிட்டது என்பதைப் பெட்டி காட்டிற்று. ஆங்கிலத்தில் வந்த கட்டளை விமானிகளுக்குச் சரியாக விளங்காமையும் காரணங்களுள் ஒன்றென்று நீதிபதி லகோட்டியின் விசாரணையில் வெளிப்பட்டது. அதன் விளைவாகவே, எதிரே வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி நம் நாட்டிலே கட்டாயமாயிற்று.

2010 மே 22. மங்களூர். 158 பேர் கருகினர். தலைமை விமானி வழியிலே ஒரு மணி நாற்பது நிமிடம் உறங்கியதைப் பெட்டி காட்டிக் கொடுத்தது. இறங்கும்போது உயரமும் வேகமும் மிகுந்திருந்தன. "இறங்க வேண்டாம், மேலே கிளம்புவோம்" என்ற பொருளில் துணை விமானி மூன்று முறை சொன்னதும் அதிலே இருந்தது. சின்னவன் சொன்னான், பெரியவன் கேட்கவில்லை. பெரியவன் கையைப் பற்றி நிறுத்தும் துணிவு சின்னவனுக்கு வரவில்லை!

தோழர்களே, இந்த இடத்திலே சற்று நிற்போம். மேலோன் தவறு செய்யமாட்டான், கீழோன் சுட்டிக்காட்டக்கூடாது என்ற எண்ணம் கோயில் வாசலிலும் பண்ணை வீட்டுத் திண்ணையிலும் மட்டும் இருக்கிறதென்றா நினைக்கிறீர்கள்? அது விமானியறைக்குள்ளும் சீருடை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தன்மதிப்புள்ள மனிதன் அடுத்தவனுக்குப் பயனுள்ளவன் என்று நாம் மேடையிலே பேசுகிறோம். அவன் உயிர் காப்பவனும் ஆவான் என்று மங்களூர்ப் பெட்டி பேசுகிறது.

பத்தாண்டு கழிந்தது. 2020 ஆகஸ்ட் 7. கோழிக்கோடு. அதே நிறுவனத்தின் விமானம். அங்கும் மேசைபோன்ற குன்றின்மேல் ஓடுபாதை. மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. 8,858 அடி ஓடுபாதையிலே 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. இங்கும் மற்றவர் "மேலே கிளம்புவோம்" என்றார். இங்கும் விமானம் கிளம்பவில்லை. 21 பேர் மாண்டனர். பெட்டி மங்களூரில் சொன்னதைக் கோழிக்கோட்டிலும் சொன்னது. சொல்வது அதன் வேலை. கேட்பது யார் வேலை?

பெட்டியைப் பதியவைப்பது எளிது, மனிதனைக் கேட்கவைப்பது கடிது!

குன்னூருக்குத் திரும்புவோம். முப்படை விசாரணை, இயந்திரக் கோளாறில்லை, சதியில்லை என்றது. பள்ளத்தாக்கிலே வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் புகுந்த விமானி திசைத் தடுமாற்றத்துக்கு ஆளாகி, நல்ல நிலையிலிருந்த வானூர்தியே நிலத்தில் மோதிற்று என்றது. மூன்றாண்டு கழித்து நாடாளுமன்றக் குழுவின் அறிக்கைப் பட்டியலிலே அந்த விபத்துக்கு நேரே காரணமாக இருந்தது, 'மனிதத் தவறு' என்பது. அவ்வளவுதான்! அத்தனை உயிருக்கும் ஒரே சொல்.

மனிதத் தவறு என்பது விடையா? அது கேள்வியின் தொடக்கமல்லவா? எந்த மனிதன், எந்த வழியிலே, எந்த வானிலைக் குறிப்பை நம்பி, என்ன எச்சரிக்கைக் கருவியோடு, யார் வகுத்த நேரப்படி பறந்தான்? இவற்றைக் கேட்டால்தான் அடுத்தவன் பிழைப்பான். இலங்கையின் மஸ்கெலியாவிலே, தேயிலை பறிக்கும் நம் தமிழர் வாழும் மலைநாட்டிலே, 1974 டிசம்பர் 4இல் ஹஜ் பயணிகளோடு ஒரு விமானம் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். அதற்கு மூன்று நாள் முன்னே அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அங்கே "விமானி தவறு" என்று எழுதிவிட்டுத் தூங்கவில்லை. தரை நெருங்கினால் குரலெழுப்பி எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். டான் பேட்மன் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த கருவி அது. பின்னாளிலே உலகத்து மலைகளின் வரைபடத்தையே அதனுள் வைத்து, மேகத்துக்குள்ளே மறைந்திருக்கும் மலையையும் முன்கூட்டியே சொல்லவைத்தார்கள். 1971இல் நம் மலையிலே மோதியவர்கள் காலத்தில் அந்தக் கருவி வழக்கத்துக்கு வரவில்லை. இன்று இருக்கிறதென்றால், இறந்தவர்கள் சாவை வீணாக்காமல் "ஏன்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள் என்று பொருள்.

2025 ஜூன் 12 அகமதாபாத்தை மறப்போமா? விமானத்திலிருந்த 242 பேரில் 241 பேரும், தரையிலிருந்த 19 பேரும் மாண்டனர். பின்புறப் பெட்டி பெரிதும் சிதைந்தது. முன்புறப் பெட்டி பேசிற்று. ஒரு திங்களில் வந்த முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியிலே அணைநிலைக்குப் போயின என்றது. ஏன் அணைத்தாய் என்று ஒருவர் கேட்டதும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதும் பதிவாகியிருந்தன என்றது. அவ்வளவுதான் வந்தது. உடனே உலகத்துப் பத்திரிகைகளிலே நீதிமன்றங்கள் முளைத்துவிட்டன! கேட்டவர் எவர், சொன்னவர் எவர் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அரைப்பேச்சை அவிழ்த்துவிட்டால் அது உண்மையைச் சொல்லாது, ஊர்வாயைத்தான் திறக்கும். சர்வதேச விதியே என்ன சொல்கிறது? விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பது. பழி சுமத்துவது அல்ல என்கிறது. அன்று ஆஸ்திரேலிய விமானிகள் "உளவாளி" என்று அஞ்சினார்களே, அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது. பெட்டி உண்மைக்கு ஊழியனாக இருக்க வேண்டும், நிர்வாகத்தின் கைத்தடியாகிவிடக்கூடாது.

இனி நம் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போன ஜீப் ஒன்று மலைப்பாதையிலே கவிழ்ந்தது. செய்தி கேட்டு நாம் போனோம். நாம் போவதற்குள் ஜீப்பை இழுத்துப்போய்விட்டார்கள். "ஓட்டியவன் சரியில்லை" என்றார் தோட்டத்துக் கங்காணி. ஓட்டியவன் பிணவறையில் கிடந்தான். மறுத்துப் பேச முடியவில்லை. அவன் அன்று எத்தனையாவது நடை ஓட்டினான்? எட்டுப்பேர் வண்டியிலே எத்தனைப்பேரை ஏற்றச் சொன்னது யார்? பிரேக்கு பழுதென்று முன்னமே சொன்னானா? எவரும் கேட்கவில்லை. இறந்த ஒரு தாயின் தூக்குச்சட்டி மட்டும் பள்ளத்திலே நசுங்கிக் கிடந்தது. அதற்குப் பேச்சு வராது!

விமானத்திலே போகிறவனுக்குக் கறுப்புப் பெட்டி. ஜீப்பிலே போகிறவனுக்கு? பட்டாசுக் கொட்டகையிலே மருந்து இடிக்கிறவனுக்கு? சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுகிறவனுக்கு? அவனுக்கெல்லாம் ஒரே பெட்டி, மரப்பெட்டிதானா?

கோடி ரூபாய்க் கருவியை ஒவ்வொரு ஜீப்புக்கும் பூட்டு என்று நாம் கேட்கவில்லை. அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கிற நேர்மையைக் கேட்கிறோம். விபத்து நடந்த இடத்தைக் கலைக்காதே! முதலாளிக்குக் கட்டுப்படாத ஒருவர் விசாரிக்கட்டும்! இறந்தவன் தலையிலே பழி போடுமுன், அவனை அங்கே அனுப்பியவனைக் கேள்! கண்டதை முழுவதுமாக வெளியிடு! வெளியிட்ட பின் மாற்றவேண்டியதை மாற்று! வானத்திலே செல்லுபடியாகும் இந்த ஐந்து நீதி தரையிலே செல்லாதா?

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். பெட்டி இல்லாத இடத்திலே நீங்கள்தான் பெட்டி. எத்தனை மணி வேலை, எந்த இயந்திரம் பழுது, யாரிடம் எந்த நாளில் முறையிட்டோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலே தேதியிட்டு எழுதி வையுங்கள். சின்னவன் எச்சரித்தால் பெரியவன் கேட்கும் பழக்கத்தை முதலில் சங்கத்துக்குள்ளே கொண்டுவாருங்கள். எழுதாத குறை நாளை இல்லாத குறையாகிவிடும்.

கார்த்திகை மேகம் மறுபடியும் நம் மலையைச் சூழும். 21 பேர் மாண்ட மலை அதற்குள்ளே அப்படியே நிற்கும். உண்மையும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாததனாலே இல்லாமற்போவதில்லை. விதியென்ற மேகத்தையும், பழியென்ற மேகத்தையும் விலக்கிப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். பார்க்காமல் பறப்பவன் மோதுவான். கேட்டறிந்து பறப்பவன் கரைசேருவான்!